இழப்புக்குப் பின் 500 எபிசோடு: எல்லையோரக் குடும்பத்தை வைத்துத் தொடர் எழுதுவோருக்கு

கேள்வி இது: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றை வைத்து நெடுந்தொடர் எழுதுகிறோம். நாயகி பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். 30-ஆம் எபிசோடில் கணவன் விபத்தில் இறக்கிறான். அவள் மீண்டு வருவதுதான் கதை. ஆனால் 80-ஆம் எபிசோடிலேயே மசாலாக் கம்பெனி தொடங்கி ஜெயித்துவிடுகிறாள். அதற்கு மேல் ஒரு வில்லி வந்தால்தான் ஓடும்போல இருக்கிறது. எங்கே தவறு? பெரிய தொடர்கள் இதை எப்படிச் செய்தன?

முதல் 30 எபிசோடைத் திருப்பிப் படியுங்கள். கணவன் பூ வாங்கி வருகிறான், பிறந்த நாளுக்குப் புடவை எடுக்கிறான், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் சமாதானம் பேசுகிறான். நல்லவன் என்பது தெரிகிறது. அந்த வீட்டில் அவன் என்னென்ன வேலை பார்த்தான் என்பது தெரியவில்லை. அதனால் அவன் செத்ததும் போனது அன்பு ஒன்றுதான். அன்பு போனதை அழுகையால் மட்டுமே காட்ட முடியும். அழுகையை மூன்று எபிசோடுக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள். நாலாவது நாள் உங்களுக்கு வேறு கதை தேவைப்படுகிறது, மசாலாக் கம்பெனி வருகிறது.

அவன் செய்த வேலைகளைப் பட்டியல் போடுங்கள். ராத்திரி கரண்ட் வந்ததும் எழுந்து போய் மோட்டார் போட்டது யார்? பால் சங்கத்துப் பாஸ்புக் யார் பெயரில் இருக்கிறது? ஏடிஎம் ரகசிய எண், ஓடிபி வரும் சிம் யாருடையது? அப்பாவுக்கு இன்சுலின் போட்டது யார்? யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தான், யாரிடம் வாங்கினான்? நிலவரி ரசீது எந்த டப்பாவில் இருக்கிறது? எல்லாவற்றுக்கும் மேலே, வில்லேஜ் ஆபீஸிலும் பஞ்சாயத்திலும் போய் மலையாளத்தில் பேசியது யார்? நாயகி பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் சாகும்போது அவளுடைய மலையாளமும் சேர்ந்து போகிறது. பன்னிரண்டு, பதினைந்து வேலைகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் முதல் 30 எபிசோடில் கவனத்தை இழுக்காமல் ஒரு தடவையாவது கண்ணில் பட வேண்டும். பிறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். மோட்டார் அன்று ராத்திரியே நிற்கும். சிம் ரீசார்ஜ் 28 நாளில் முடியும். நிலவரி அடுத்த வருடம்தான் நினைவுக்கு வரும். உங்கள் 500 எபிசோடு இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

அடுத்தது கணக்கு. வாரத்துக்கு 6 நாள், அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக 20 முதல் 22 நிமிடம், அதில் 6 அல்லது 7 சீன். வருடத்துக்குச் சுமார் 300 எபிசோடு. இறப்புக்குப் பின் 470 எபிசோடு என்றால் ஒன்றரை வருடம். ஒரு வருட துக்கத்தை ஒரு வருடம் முழுக்கக் காட்டும் வசதி சினிமாவுக்குக் கிடையாது, நாடகத்துக்கும் கிடையாது. தினசரித் தொடருக்கு மட்டுமே உண்டு. பார்ப்பவர் வீட்டில் தீபாவளி வரும் வாரத்தில் நாயகி வீட்டில் பண்டிகை இல்லாத தீபாவளி வரும். அவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி திறக்கும் வாரத்தில் இவள் ஃபீஸுக்கு அலைவாள். என்னுடைய உறுதியான கருத்து: கதைக் காலத்தை நாட்காட்டியோடு ஒட்டி நடத்துங்கள். லீப் போடவே போடாதீர்கள். 'ஐந்து வருடங்களுக்குப் பிறகு' என்று கார்டு போட்டால், துக்கம் எப்படிக் கரைந்தது என்பதைப் பார்க்கும் உரிமையைப் பார்ப்பவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

பெரிய தொடர்களுக்கு வருவோம். எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: ஒரே கதையை இரண்டு மூன்று மொழியில் பார்த்து, எது எங்கே மாறுகிறது என்று ஒப்பிடலாம். கொழிஞ்சாம்பாறையில் விஜய் டிவியும் ஏஷியாநெட்டும் ஒரே வீட்டில் ஓடும். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர்ப் பக்கம் விஜய் டிவியும் தெலுங்கு ஸ்டார் மாவும். வங்காளத்தில் 2019-இல் தொடங்கிய 'ஸ்ரீமொயி'யின் கதைதான் 2020-இல் மலையாளத்தில் 'குடும்பவிளக்கு', தெலுங்கில் 'இன்டின்டி க்ருஹலக்ஷ்மி', தமிழில் 'பாக்கியலட்சுமி', இந்தியில் 'அனுபமா' என்று வந்தது. நடுவயதுப் பெண், கணவனின் இன்னொரு உறவு, விவாகரத்து, சொந்தக் காலில் நிற்பது. இந்தக் கதை இத்தனை மொழியில் ஓடியதற்கு என் பார்வையில் காரணம் ஒன்று உண்டு: இழந்த கணவன் செத்துப்போகவில்லை, கண் முன்னாலேயே நடமாடுகிறான். மாமனார், மாமியார், பிள்ளைகள் எல்லாரும் பொதுவில் இருக்கிறார்கள். இழப்பு ஒரு நாளில் முடிந்துபோகாமல் தினமும் புதிதாக நடக்கிறது. உங்கள் கதையில் கணவன் இறந்துவிடுவதால் இந்த வசதி உங்களுக்கு இல்லை. அதனால்தான் வேலைப் பட்டியல் அத்தனை முக்கியம். நடமாடும் கணவனின் இடத்தில் அது நிற்கும்.

விவாகரத்தை வைத்து எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பின் பொதுவாக 6 மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்கில் அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. தொடரில் இரண்டு எபிசோடில் தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்தக் காத்திருப்புக் காலம்தான் கதை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

'கறுத்தமுத்து' (ஏஷியாநெட், 2014) தெலுங்கில் 'கார்த்திக தீபம்' ஆனது. தமிழில் 'பாரதி கண்ணம்மா' (2019–2023). சந்தேகப்படும் கணவனை விட்டுக் கர்ப்பிணி வெளியேறுகிறாள், தனியே வாழத் தொடங்குகிறாள். தொடக்கம் மிக வலுவானது. பலவீனம், எல்லாம் ஒரே கேள்வியில் தொங்குவது: குழந்தை யாருடையது? ஒரு டிஎன்ஏ பரிசோதனை செய்தால் தீர்ந்துவிடும் என்று பார்ப்பவருக்குத் தெரியும். அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்காகவே காட்சி எழுத வேண்டியதாகிறது. உங்கள் கதைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரே ஒரு காகிதத்தால் அல்லது ஒரே ஒரு உண்மையால் தீரும் முடிச்சில் 100 எபிசோடைத் தொங்கவிடாதீர்கள். சின்னச் சின்னதாகப் பத்து முடிச்சு போடுங்கள்; ஒன்று அவிழும்போது இன்னொன்று இறுகட்டும்.

'கார்த்திக தீபம்' 2022-இல் நாயகன், நாயகி இருவரையும் விபத்தில் சாகடித்துவிட்டு அடுத்த தலைமுறைக்குத் தாவியது. சில மாதத்தில் இருவரும் உயிரோடு திரும்பினார்கள். செத்தவர் திரும்பி வரலாம் என்று ஒரு தடவை காட்டிவிட்டால், அந்தத் தொடரில் அதற்குப் பிறகு எந்தச் சாவுக்கும் எடை இல்லை. சானல் கேட்டாலும் உங்கள் கணவன் பாத்திரத்தை இப்படித் திருப்பிக் கொண்டுவராதீர்கள். 'காணாமல் போனான்' என்று எழுதுவதாக இருந்தால், 7 வருடம் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் கொள்ளும். அதுவரை இன்சூரன்ஸ் பணம், சொத்துப் பங்கீடு எல்லாம் முடங்கிக் கிடக்கும். அது வேறு கதை, நல்ல கதையும்கூட. ஆனால் உங்கள் கதை அதுவல்ல.

நடிகரே இறந்துபோவது இன்னொரு வகை. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். பாத்திரத்தைக் கைவிடாமல் வேல ராமமூர்த்தியைக் கொண்டுவந்து தொடர்ந்தார்கள். அதே முகம், குரல், கோபம் என்று பழகியிருந்த வீடுகளில் அது உண்மையான இழப்பாகவே இருந்தது. 'இவருக்குப் பதில் இவர்' என்ற கார்டு எந்தத் தொடருக்கும் வரலாம். அதனால் இறந்த கணவனின் நினைவுகளை ஃபிளாஷ்பேக்கை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அவனுடைய கையெழுத்து, அவன் கட்டிய தொட்டி, அவன் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாடு என்று பொருளில் வையுங்கள். யார் மாறினாலும் இவை மாறா.

இனி உங்கள் கதை. இறப்பை ஆனி மாதத்தில் வையுங்கள், தென்மேற்குப் பருவமழை இறங்கியிருக்கும் சமயம். அப்படியானால் முதல் வருடம் தானாகவே இப்படி வரும்: ஆடி, ஓணம், தீபாவளி, பொங்கல், மாசியில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பகவதி கோயிலின் கொங்கன்படை, சித்திரை விஷு, பிறகு முதல் திதி. கொங்கன்படை, கொங்கர் படையை ஊர் விரட்டியதன் நினைவாக நடக்கும் திருவிழா. கொங்குத் தமிழ் பேசும் நாயகி அதே ஊரில் நின்று அதைப் பார்ப்பதில் ஒரு முழு எபிசோடு இருக்கிறது. முதல் வருடம் வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள். சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். யார் கொண்டுவந்தார்கள், யார் வரவில்லை என்பதிலேயே உறவின் கணக்குத் தெரிந்துவிடும். வில்லி எதற்கு?

சாவு முதல் பதினாறாம் நாள் வரை 14 எபிசோடு வரும். 14-ஐயும் சமமாகப் பிரிக்காதீர்கள். முதல் நாளுக்கு 3, எடுத்துப் பால் ஊற்றும் வரை 2, நடுநாட்களுக்கு 5, காரியத்துக்கு 4. நடுநாட்கள்தான் கனமானவை. சொந்தங்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் நாட்கள் அவை, காபிக்குப் பால் போதாமல் போகும் நாட்கள். சடங்குகளை எழுதும் முன் குடும்பம் எந்தச் சமூகம் என்று தீர்மானியுங்கள். கொங்கு வீடுகளில் நடப்பது ஒன்று, சித்தூர் தாலுகாவிலேயே தெலுங்கு வழியில் வந்த குடும்பங்களில் நடப்பது வேறு, அக்கம்பக்கத்து நாயர் வீட்டில் சஞ்சயனமும் (எலும்பு பொறுக்கும் சடங்கு) பதினாறடியந்திரமும் (பதினாறாம் நாள் காரியம்) வேறு. பிறந்த வீட்டுக் கோடி யார் எடுத்து வருகிறார்கள், தாலி வாங்கும் சடங்கு உண்டா, உண்டென்றால் எந்த நாள் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பொதுவாகக் கலந்து எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் அன்றே தொடரை விட்டுவிடுவார்கள். தாலி வாங்கும் காட்சியை க்ளோஸப்பில் அடுத்தடுத்துக் காட்டி, பின்னணி இசையை ஏற்றுவது எல்லாரும் செய்வது; அதைப் பார்க்கிறவர்களில் அதே சடங்கில் உட்கார்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கேமராவைத் தள்ளி வையுங்கள்.

மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். கணவன் இறந்த கதைகளில் பெரும்பாலும் மாமியார் 'என் பிள்ளையை முழுங்கிட்டியே' என்று கத்துவதற்கு மட்டுமே இருக்கிறார். அவள் பெற்ற மகனை இழந்தவள். மருமகளுக்கு ஆறு, ஏழு வருடப் பழக்கம். இவளுக்கு முப்பத்தைந்து வருடம். இரண்டு பேரின் துக்கமும் ஒரே நாளில் தொடங்கினாலும் ஒரே வேகத்தில் நடக்காது. மருமகள் வேலைக்குக் கிளம்பும் நாளில் மாமியாருக்கு அது துரோகமாகத் தெரியும். மாமியார் மகன் தட்டில் சோறு போட்டு வைக்கும் நாளில் மருமகளுக்குக் கோபம் வரும். இரண்டுமே நியாயம். வீட்டில் ஒருத்தி முன்னே போகும்போது இன்னொருத்தி பின்னே நிற்பாள். இரண்டு மாதம் கழித்து இடம் மாறுவார்கள். இந்த இட மாற்றத்தை நான்கு தடவை நடத்தினால் 200 எபிசோடுக்கு வில்லி வேண்டாம். பேச்சிலும் குறை வையுங்கள். "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா கண்ணு?" "காட்டிட்டேனுங்க அத்தை." அவ்வளவுதான். முந்தின நாள் வரை மாமியார் அவளைக் 'கண்ணு' என்று கூப்பிடவில்லை என்றால், பார்ப்பவர் கவனிப்பார்.

இழப்பின் இரண்டாவது கட்டம் காகிதம். இங்கேதான் எல்லை கதைக்குள் வருகிறது. விபத்து பொள்ளாச்சிப் பக்கம் நடந்து, உயிர் அங்கே ஆஸ்பத்திரியில் போனதாக வைத்துக்கொள்வோம். இறப்பைப் பதிவது சாவு நடந்த இடத்தில்தான், வீடு இருக்கும் இடத்தில் இல்லை. 21 நாளுக்குள் தகவல் கொடுத்தால் கட்டணம் இல்லாமல் பதிவாகும். ஆக, நாயகி கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்துக்குப் போனால் இப்படித்தான் பதில் வரும்: "மரணம் பொள்ளாச்சியிலல்லே சேச்சி? சர்ட்டிபிக்கட் அவிடெந்நு வாங்ஙணம்." அவளுக்குப் பாதிதான் புரியும். எஃப்ஐஆர் தமிழில் இருக்கும். இந்தப் பக்கத்து அலுவலகத்தில் அதைப் படிக்கிறவர் அன்று லீவில் இருக்கலாம். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அது தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற தமிழ் மீடிய வாத்தியாரை வைத்தால், நாயகிக்கு முதல் துணை கிடைத்துவிடும். வாரிசுச் சான்றிதழுக்கு வில்லேஜ் ஆபீஸர் விசாரணை, தாசில்தார், கெஜட்டில் அறிவிப்பு, 30 நாள் ஆட்சேபனைக் காலம். அந்த 30 நாள் உங்களுக்கு 26 எபிசோடு. கொழுந்தன் ஆட்சேபனை போடுவானா என்ற ஒரே சந்தேகம் அந்த மாதத்தைத் தாங்கும்; கடைசியில் அவன் போடாமலே விடலாம்.

விபத்து இழப்பீட்டு வழக்கை விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம், தான் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். கோயம்புத்தூரா பாலக்காடா என்று அவள் தீர்மானிப்பது ஒரு நல்ல சீன். சாட்சிகள் அந்தப் பக்கம், குழந்தைகள் இந்தப் பக்கம்.

சொத்து விஷயத்தில் தொடர்கள் திரும்பத் திரும்பத் தவறு செய்கின்றன. மாமனார் 'இது என் மகன் சொத்து, வெளியே போ' என்கிறார், நாயகியும் பெட்டியைத் தூக்குகிறாள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனின் சொந்தச் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, பிள்ளைகள், தாய். தகப்பன் அந்த வகுப்பில் இல்லை. இரண்டு பிள்ளை என்றால் நாலு சமபங்கு: மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, மாமியாருக்கு ஒன்று. மாமியாருக்கு உண்மையிலேயே பங்கு இருக்கிறது என்பதுதான் கதையின் நரம்பு. அடுத்தது: மைனர் பிள்ளைகளின் பங்கை விற்க வேண்டுமானால் தாயே கார்டியனாக இருந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். கடனை அடைக்கத் தோப்பை விற்கலாம் என்று அவள் நினைக்கிறாள், முடியாது. யாரும் கெட்டவரில்லாமலே கதவு அடைபடுகிறது. இப்படி அடைபடும் கதவுகள் நாலைந்து கிடைத்தால், விஷம் வைக்கும் அத்தையைத் தேட வேண்டியதில்லை.

மறுதொடக்கம் எப்போதும் மசாலா, இட்லி, ஊறுகாய் என்றே வருவதற்குக் காரணம் எளிது: கிச்சன் செட் ஏற்கெனவே போட்டிருக்கிறது. யூனிட்டுக்குச் செலவு இல்லை. 'கோலங்கள்' (2003–2009) நாயகியைக் கட்டுமானத் தொழிலில் நிறுத்தியது. தொழில் வீட்டுக்கு வெளியே இருந்ததால் கடன், டெண்டர், கூலி என்று கதைக்குப் புதுத் திசைகள் திறந்தன. 1500 எபிசோடைத் தாண்டியதில் அதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். உங்கள் ஊருக்கு நான் சொல்வது கறவை மாடு. சித்தூர் தாலுகா பாலுக்குப் பேர் போனது. ஊருக்கு ஊர் க்ஷீர சங்கம் இருக்கிறது. காலை, மாலை இரண்டு நேரமும் தவறாமல் நடக்கும் வேலை என்பதால், படுத்துக்கொண்டு அழ நினைக்கும் பெண்ணைக் கட்டுத்தரைக்கு மாடு எழுப்பிவிடும். துக்கத்தின் நடுவே ஒழுங்கு வருவதற்கு இதைவிட இயல்பான காரணம் கிடையாது.

கணக்கைச் சரியாகப் போடுங்கள், பார்ப்பவர்களில் மாடு வளர்ப்போர் நிறைய. ஒரு கலப்பின மாடு நாளைக்கு 10 லிட்டர். பராமரிப்புக்கு ஒன்றரை முதல் 2 கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் 1 கிலோ. ஆக நாளைக்கு 6 கிலோ. கதைக்காக லிட்டர் 42 ரூபாய், தீவனம் கிலோ 30 ரூபாய் என்று கொண்டால், வரவு 420, தீவனம் 180. வைக்கோல், பசுந்தீவனம், மருந்து போகக் கையில் நிற்பது 150 ரூபாய்க்குள். இரண்டு மாட்டில் 300. அதில் மாட்டுக் கடன் தவணை போக வேண்டும். இந்த எண்கள் திரையில் வரட்டும்: சங்கத்துச் சீட்டு, பாஸ்புக், சமையலறைச் சுவரில் கரியால் எழுதிய கூட்டல். மாதம் 4000 ரூபாய் மிச்சம் பிடிக்கும் நாள் பார்ப்பவருக்குப் பண்டிகையாக இருக்க வேண்டும். ஒரே பாட்டில் கார் வாங்கும் நாயகியை யாரும் நம்புவதில்லை.

தோல்வியும் தொழிலிலிருந்தே வரட்டும். சங்கத்தில் விலை பாலின் கொழுப்பையும் எஸ்என்எஃப்பையும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துப் போடுவார்கள். நாயகி பால் கூடட்டும் என்று புண்ணாக்கை அள்ளிப் போட்டு வைக்கோலைக் குறைக்கிறாள். நார்த்தீவனம் குறைந்தால் கொழுப்பு இறங்கும், விலையும் இறங்கும். தண்ணீர் கலந்தாள் என்று பேச்சு வரும். கணவன் இருந்த வரை ஒரு நாளும் வராத பேச்சு. அடுத்தது மடிநோய்: கட்டுத்தரை ஈரமாகக் கிடந்தாலும், பாலை முழுக்கக் கறக்காமல் விட்டாலும் வரும். மடி சுடும், வீங்கும், பால் திரிதிரியாக வரும். ஆன்டிபயாடிக் போட்டால், டாக்டர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. ஊற்றினால் யாருக்கும் தெரியாது, ஊற்றாவிட்டால் தவணை போகும் என்ற இடத்தில் அவளை நிறுத்துங்கள். மாடு சினைக்கு வரும் பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் சினை ஊசிக்கு இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். சினைக்காலம் 280 நாள் சொச்சம்; ஈனுவதற்கு முன் 60 நாள் பால் வற்றவிட வேண்டும், அந்த இரண்டு மாதமும் வருமானம் இல்லாமல் தீனி மட்டும் போட வேண்டும். மாடு செத்து இன்சூரன்ஸ் கேட்டால், காதில் டேக் இல்லாவிட்டால் பணம் வராது. இத்தனையும் நாட்காட்டியோடு ஓடும் விஷயங்கள். 60 நாள் வற்றுக் காலத்தையும் கணவனின் முதல் திதியையும் ஒரே மாதத்தில் வைத்தால், பணமும் மனமும் ஒன்றாக வற்றும் இடம் கிடைக்கும். மறுபடி விழும் கட்டம் அதுதான். அங்கே அவள் மூன்று நாள் எழுந்திருக்காமல் கிடக்கட்டும். மாமியார் பால் கறக்கட்டும்.

தயாரிப்பில் வரும் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். திரையில் விலங்கு வருவதற்கு விலங்கு நல வாரியத்தின் அனுமதியை ஷூட்டிங்குக்கு முன்பே வாங்க வேண்டும். மாட்டுக் காட்சிகளை மாதத்துக்கு இரண்டு நாள் மொத்தமாக எடுங்கள்: அதிகாலை வெளிச்சத்தில் பத்து சீன், சாயங்காலம் பத்து சீன். மற்ற நாட்களில் தூக்குவாளி, பாஸ்புக், கையில் ஒட்டிய தவிடு போதும். மழைக்கால ஷாட்டும் வெயில்கால ஷாட்டும் கலந்துவிடாமல் கன்டினியூட்டி பார்ப்பவரிடம் மாட்டின் வயிற்று அளவைக் கூடக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். எட்டு மாதச் சினை மாடு மறுநாள் ஒட்டிய வயிற்றோடு வந்தால் ஊரே பேசும். எபிசோடு கையிருப்பு இரண்டு வாரத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். கையிருப்பு குறைந்தால் முதலில் காணாமல் போவது வெளிப்புறக் காட்சி. கதை மறுபடி கிச்சனுக்கும் ஹாலுக்கும் வந்துவிடும், அங்கே சண்டையைத் தவிர எழுத எதுவும் இருக்காது. வியாழக்கிழமை டிஆர்பி வந்ததும் சானலிலிருந்து போன் வரும், 'ஏதாவது பெருசா பண்ணுங்க' என்று. அதற்காக வாரம் ஒரு தேதியைக் கதையிலேயே தயாராக வைத்திருங்கள்: ஆட்சேபனையின் கடைசி நாள், தவணை நாள், சினைப் பரிசோதனை, தீர்ப்பாயத்து விசாரணை. ப்ரோமோவுக்கு அது போதும்.

மொழியில் ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கம் 'நூறு நாள் வேலை' என்பதை இந்தப் பக்கம் 'தொழிலுறப்பு' என்பார்கள். மகளிர் குழு இங்கே குடும்பஸ்ரீயின் 'அயல்கூட்டம்'. இ-சேவை மையம் 'அக்ஷயா'. நாயகி முதல் மாதங்களில் பொள்ளாச்சிச் சொல்லையே சொல்லட்டும், மற்றவர்கள் திருத்தட்டும். இருநூறாவது எபிசோடு வாக்கில் அவள் தன்னையறியாமல் 'அயல்கூட்டத்துக்குப் போறேனுங்க' என்று சொன்னால், அவள் எங்கே வேர் பிடித்திருக்கிறாள் என்பதை வசனகர்த்தா விளக்க வேண்டியதில்லை. மலையாளிகளை எல்லாம் கெடுபிடி அதிகாரிகளாகவும் தமிழர்களை எல்லாம் அப்பாவிகளாகவும் எழுதாதீர்கள். அந்த ஊரில் யாரும் அப்படி வாழவில்லை.

கணவனை இழப்பது மட்டுமே இழப்பு என்று நிற்கவும் வேண்டாம். மூணாறு, பீருமேட்டுத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிக்கு லயத்து வீடு, அதாவது தோட்டக் கம்பெனி கொடுக்கும் வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பிறந்து வளர்ந்த வீட்டை 58 வயதில் விட்டு, தென்காசிப் பக்கமோ தேனிப் பக்கமோ பார்த்தறியாத 'சொந்த ஊருக்கு'ப் போகிறவர்கள் உண்டு. நாயகியின் அயல்கூட்டத்தில் இப்படி ஒருத்தியை வையுங்கள். மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தார்கள். அதை நேரடியாகத் தொடவேண்டுமானால், செட் போட்டு மண்சரிவு காட்டி ப்ரோமோ விடாதீர்கள். உறவை இழந்தவர்கள் இன்றும் அதே மலையில் டிவி பார்க்கிறார்கள்.

மறுமணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சானல் கேட்கும், 150-ஆம் எபிசோடு வாக்கில். முதல் திதிக்கு முன் அந்தப் பேச்சே வேண்டாம். வரும்போது முதலில் மாமியார் வாயிலிருந்து வரட்டும். அதற்கு நாயகி கோபப்படட்டும். ஆறு மாதம் கழித்து அவளே யோசிக்கட்டும். வருகிறவன் மீட்பனாக வரக் கூடாது. அவன் வரும் நாளில் இவள் கடனை அடைத்திருக்க வேண்டும், மலையாளத்தில் மனு எழுதத் தெரிந்திருக்க வேண்டும், மோட்டார் ரிப்பேர் ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். வேலைப் பட்டியலில் இருந்த பதினைந்தில் பன்னிரண்டையாவது அவள் கைக்கொண்டிருந்தால்தான் அவனுடைய வருகைக்குக் கதையில் இடம். மீதி மூன்று எவை என்று இப்போதே முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவை கடைசி எபிசோடு வரை யாராலும் நிரப்பப்படாமல் இருக்கட்டும்.